சைக்கியாட்ரி வார்டு நர்சுங்களுக்கு, கோவத்துல இருக்கற பேஷண்ட சமாளிக்க ட்ரெயினிங் குடுக்கறது எப்படி

நான் இருந்த ஒரு வார்டுல நடந்தத மொதல்ல சொல்லிடறேன், மிச்சம் எல்லாம் அதுல இருந்துதான் வருது. ராத்திரி 8:30 மணி, மாத்திரை ட்ராலி தள்ளிட்டு போன ஜூனியர் சிஸ்டர ஒரு பேஷண்ட் கன்னத்துல அறஞ்சிட்டாரு, காது தோடு பிச்சுகிட்டு ரத்தம். மறுநாள் ஆபீஸ்ல அந்த பொண்ணுகிட்ட கேட்ட முதல் கேள்வி "நீ என்ன சொன்ன அவர்கிட்ட?" அடி வாங்கினவகிட்ட கேக்கற கேள்வியா அது. ஒரு வாரம் கழிச்சு எல்லாரையும் ஆடிட்டோரியத்துல உக்கார வெச்சு ஒரு மணி நேரம் பவர்பாயிண்ட் ஸ்லைடு போட்டாங்க, கையெழுத்து வாங்கினாங்க, ட்ரெயினிங் முடிஞ்சுதுன்னு ரெஜிஸ்டர்ல ஏறிடுச்சு.

அப்பறம் நாங்க சிலர் உக்காந்து அன்னிக்கு சாயங்காலம் என்னதான் நடந்துச்சுன்னு ஒவ்வொருத்தரா கேட்டு எழுதினோம். அந்த மனுஷன் 6 மணில இருந்து வீட்டுக்கு ஃபோன் பண்ணணும்னு நாலு பேர்கிட்ட கேட்டிருக்காரு. செக்யூரிட்டி "சிஸ்டர கேளு"ன்னு சொல்லிருக்காரு, ஆயாம்மா "அப்பறம்"னு சொல்லிருக்காங்க, ஈவ்னிங் ஸ்டாஃப் "நைட் சிஸ்டர் வருவாங்க"ன்னு சொல்லிருக்காங்க, டாக்டர் தலைய ஆட்டிட்டு போயிட்டாரு. அஞ்சாவதா நின்னவ இந்த பொண்ணு. அவ சொன்னது "இப்ப முடியாதுங்க, போய் படுங்க", அவ்ளோதான். அடி விழுந்தது அவளுக்கு, ஆனா அந்த அடி ரெண்டரை மணி நேரமா தயாராயிட்டு இருந்துச்சு.

அதனால நீங்க ட்ரெயினிங் குடுக்கற ஆளா இருந்தா, சீனியர் நர்ஸோ டியூட்டரோ யாரா இருந்தாலும், கைய புடிச்சா எப்படி விடுவிக்கறதுன்னு ஆரம்பிக்காதீங்க, அது கடைசில வரட்டும். "முடியாது"ங்கறத எப்படி சொல்றதுங்கறதுதான் இந்த ட்ரெயினிங்கோட நடுப்பகுதி, அதுக்குதான் நிறைய நேரம் போகணும்.

இன்னொன்னு, கிளாஸ் ஆரம்பிக்கும்போதே தெளிவா சொல்லிடணும், மனநோய் இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க யாரையும் அடிக்கறதில்ல, அடி வாங்கறவங்கதான் அதிகம். புதுசா வர்ற நர்சுங்க பயத்தோடதான் வராங்க, நாம குடுக்கற ட்ரெயினிங் அந்த பயத்த இன்னும் ஏத்தி விட்டுடக்கூடாது. பயந்த நர்ஸ் ஸ்டேஷன விட்டு வெளிய வர மாட்டா, வெளிய வராத நர்ஸுக்கு யார் எப்ப கொதிக்கறாங்கன்னு தெரியாது.

யாருக்கு, எங்க, எவ்ளோ நேரம்

நர்சுங்களுக்கு மட்டும் குடுத்தா பாதி வேஸ்ட். ஆயாம்மா, வார்டு பாய், கேட்ல நிக்கற செக்யூரிட்டி, முடிஞ்சா பி.ஜி. டாக்டருங்க, எல்லாரும் ஒரே கிளாஸ்ல நிக்கணும், ஏன்னா ராத்திரி 2 மணிக்கு ஒண்ணா நிக்கப்போறது இவங்கதான். ஒரு பேட்ச்சுக்கு 10 பேர், 12க்கு மேல வேணாம். வார்டுலயே காலியா ஒரு ரூம் இருந்தா அதுல, சேர் எல்லாம் ஓரமா தள்ளிட்டு நின்னுகிட்டே பண்ணணும். ரெண்டு ரெண்டு மணி நேரமா நாலு நாள் போதும், அதுக்கப்பறம் மாசம் ஒரு தடவ ஷிஃப்ட் மாறும்போது அரை மணி நேரம் ஒரு சீன எடுத்து பண்ணி பாக்கணும், இல்லன்னா ஆறு மாசத்துல எல்லாம் மறந்துரும், வாய்க்கு பழகாதது டென்ஷன்ல வராது.

முதல் நாள்: சண்ட எங்க இருந்து வருதுன்னு பாருங்க

இன்சிடெண்ட் ரிப்போர்ட் இருந்தா கடைசி ஆறு மாசத்தோடத எடுத்துட்டு வாங்க, இல்லன்னா வந்திருக்கறவங்க ஞாபகத்துல இருந்து சொல்லட்டும். தரையில சாக்பீஸால வார்டு படத்த வரஞ்சு எங்க நடந்துச்சு, எத்தன மணி, எதுக்காகன்னு குறிச்சுகிட்டே வாங்க. ஒரு மணி நேரத்துல அவங்களே சொல்லிடுவாங்க. மாத்திரை நேரம், சாப்பாட்டு க்யூ, குளிக்க வைக்கறப்போ, வீட்டாளுங்க பாத்துட்டு கிளம்பின உடனே, டிஸ்சார்ஜ் இன்னிக்கு இல்லன்னு சொன்னப்போ, பீடி கேட்டு கிடைக்காதப்போ, ஃபோன். எல்லாமே யாரோ ஒருத்தர் எதையோ கேட்டு நாம மறுத்த இடம், இல்லன்னா அவருக்கு வேணாங்கறத நாம பண்ண சொன்ன இடம்.

பீடி விஷயத்த லேசா எடுத்துக்காதீங்க. ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு புடிச்ச ஆள அட்மிஷன் போட்ட நிமிஷத்துல இருந்து ஒண்ணும் இல்லாம நிறுத்தினா அடுத்த ரெண்டு மூணு நாள் அவருக்கு எரிச்சல், தூக்கம் இல்ல, ஒரு இடத்துல நிக்க முடியாது, அத நோயோட கணக்குல எழுதிடறோம். நிக்கோட்டின் சூயிங்கம் குடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட அட்மிஷன் அன்னிக்கே கேக்க சொல்லி கத்துக்குடுங்க.

இதே நாள்ல சொல்ல வேண்டியது, உடம்புல இருந்து வர்ற கோவம். குடிச்சுகிட்டே இருந்தவர் நிறுத்தி ரெண்டுல இருந்து நாலு நாளைக்குள்ள கை நடுங்கி வேர்த்து, இல்லாதத பாத்து அடிக்க வந்தா அது டெலிரியமா, அதாவது மூளை திடீர்னு குழம்பிப்போற நிலையா இருக்கலாம், உயிருக்கே ஆபத்து, பேசிகிட்டே நிக்காம டாக்டர கூப்பிடணும். சுகர் பேஷண்ட் திடீர்னு முரண்டு பண்ணா விரல்ல குத்தி சுகர் பாருங்க. வயசானவர் திடீர்னு குழம்பி கத்தினா ஜுரம் இருக்கா, யூரின் போனாரா, மலச்சிக்கலா, தலைல அடிபட்டிருக்கான்னு பாக்கணும்.

அகதீசியா பத்தி தனியா கால் மணி நேரம் பேசுங்க. ஹாலோபெரிடால் மாதிரி மனநோய் மருந்து போட்ட கொஞ்ச நாள்ல சிலருக்கு உள்ளுக்குள்ள ஒரு பரபரப்பு வரும், உக்கார முடியாது, நின்ன இடத்துலயே கால மாத்தி மாத்தி வெப்பாங்க, வராண்டாவ அளந்துகிட்டே இருப்பாங்க. பாக்கறதுக்கு சண்டைக்கு ரெடியா இருக்கற மாதிரியே இருக்கும். "பேஷண்ட் ரெஸ்ட்லெஸ்"னு எழுதி அதே மருந்த இன்னொரு ஊசி போட்டா இன்னும் மோசமாகும். நர்ஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டா போதும், "கால் சும்மா இருக்க மாட்டேங்குதா, உள்ள ஏதோ பண்ணுதா?" அதுக்கு "ஆமா சிஸ்டர்"னு ஒருத்தர் கண்ணுல தண்ணியோட சொன்னத நான் பாத்திருக்கேன், மூணு நாளா யாரும் கேக்கல அவர.

ரெண்டாவது நாள்: வரப்போறத பாக்கறது

ப்ரோசெட் செக்லிஸ்ட்னு ஒண்ணு இருக்கு, நார்வேல உண்டாக்கினது, உலகம் முழுக்க யூஸ் பண்றாங்க. ஆறே விஷயம்தான்: குழப்பம், எரிச்சல், ஆர்ப்பாட்டமா சத்தம், உடம்பால மிரட்டறது, வாயால மிரட்டறது, பொருள தட்டறது உடைக்கறது. ஒவ்வொண்ணும் இருந்தா 1, இல்லன்னா 0. கூட்டினா 0 வந்தா ரிஸ்க் கம்மி, 1 இல்லன்னா 2 வந்தா நடுத்தரம், 3ம் அதுக்கு மேலயும் வந்தா அடுத்த 24 மணி நேரத்துக்கு உஷாரா இருக்கணும், உடனே ஏதாவது பண்ணணும். ஒரு பேஷண்டுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. எப்பவுமே சத்தமா பேசற ஆளுக்கு சத்தமா பேசறதுக்காக 1 போடக்கூடாது, அவரோட வழக்கத்த விட அதிகமான்னுதான் பாக்கணும், இத நிறைய பேர் தப்பா பண்றாங்க.

ஸ்கோர் போட்டா மட்டும் பத்தாது, ஹேண்டோவர்ல, அதாவது ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வர்றவங்ககிட்ட வார்ட ஒப்படைக்கறப்போ, அத சொல்ற விதம் முக்கியம். "12ஆம் பெட் வயலண்ட், பாத்துக்கோங்க"ன்னு சொன்னா வர்றவங்க மூஞ்சியே மாறிடும், அந்த மூஞ்சியோட போய் நின்னா அவரும் அப்படியே நடந்துக்குவாரு. அதையே, "12ஆம் பெட் அண்ணன் மதியத்துல இருந்து சம்சாரம் ஏன் வரலன்னு கேட்டுட்டு இருக்காரு, ரெண்டு தடவ கதவ தட்டினாரு, நாளைக்கு வராங்கன்னு வீட்ல கேட்டு சொல்றோம்னு சொல்லிருக்கோம், இன்னும் சொல்லல"ன்னு சொன்னா வர்ற நர்ஸுக்கு பண்ண ஒரு வேலை கிடைக்குது. கிளாஸ்ல ஒவ்வொருத்தரையும் இந்த மாதிரி மூணு ஹேண்டோவர் சொல்ல வைங்க.

உடம்ப எங்க வைக்கறதுங்கறதும் இன்னிக்கே. தரையில கோடு போட்டு ரெண்டு கை நீளம் இடைவெளின்னா எவ்ளோன்னு நிக்க வெச்சு காட்டுங்க, கண்ணால சொன்னா புரியாது. நேருக்கு நேர் மாரோட மார் நிக்காம கொஞ்சம் சாஞ்ச வாக்குல, ரெண்டு கையும் தெரியற மாதிரி, பாக்கெட்லயோ முதுகுக்கு பின்னாடியோ கட்டாம. கதவு எங்கன்னு தெரிஞ்சிருக்கணும், ஆனா கதவ மறிச்சுகிட்டு நிக்கக்கூடாது, அவருக்கும் வெளிய போக வழி தெரியணும், வழி இல்லன்னா யாரா இருந்தாலும் முட்டத்தான் செய்வாங்க. அவர் கட்டில்ல உக்காந்திருந்தா நாம தலைமேல நின்னு பேசக்கூடாது, தூரமா ஒரு ஸ்டூல போட்டு உக்காரலாம். தோள்ல கை போட்டு சமாதானம் பண்றது நம்ம ஊர் பழக்கம், ஆனா கொதிக்கற நேரத்துல தொடவே கூடாது.

போட்டுருக்கறது கையில வெச்சிருக்கறது எல்லாம் பாருங்க. ஐ.டி. கார்டு கயிறு இழுத்தா பட்டுனு கழட்டிக்கற மாதிரி இருக்கணும், பாக்கெட்ல கத்தரிக்கோல் வேணாம், பின்னல தூக்கி கொண்டை போடணும், தொங்கற தோடு வேணாம், துப்பட்டாவ பின் குத்திடணும். தாலிச் செயின கழட்ட சொல்லாதீங்க, கழட்ட மாட்டாங்க, சொல்றது மரியாதையும் இல்ல, உள்ளுக்குள்ள விட்டு சின்ன சேஃப்டி பின் போட சொல்லுங்க.

மூணாவது நாள்: வாய்

இதுதான் ரொம்ப முக்கியமான நாள், அவசரப்படாதீங்க.

பேசறது ஒரே ஒரு ஆள்தான். மத்தவங்க தள்ளி நிக்கணும், மத்த பேஷண்டுங்களையும் அவங்க கூட இருக்கற வீட்டாளுங்களையும் வேற பக்கம் கூட்டிட்டு போகணும். மூணு பேர் ஒரே நேரத்துல "ஏன்பா, என்னப்பா, உக்காருப்பா"ன்னு ஆரம்பிச்சா அவருக்கு அது சுத்தி வளைக்கற மாதிரிதான் இருக்கும். யார் பேசணும்? சீனியரா இருக்கணும்னு இல்ல, அந்த பேஷண்டுக்கு யாரோட பழக்கமோ அவங்க. சில நேரம் அது ஆயாம்மாவா இருக்கும், அவங்க பேசட்டும், அதுக்குத்தான் அவங்களையும் கிளாஸுக்கு கூப்பிட சொன்னேன்.

முதல் அரை நிமிஷத்துக்கு வார்த்தைங்க வாய்லயே இருக்கணும். பேரோட மரியாதையா கூப்பிடறது, நான் யாருன்னு சொல்றது, என்ன பாக்கறேன்னு சொல்றது, என்ன வேணும்னு கேக்கறது. "அண்ணே, நான் நைட் டியூட்டி சிஸ்டர். ரொம்ப கோவமா இருக்கீங்கன்னு தெரியுது. என்ன ஆச்சுன்னு சொல்லுங்க, கேக்கறேன்." அவ்ளோதான், அதுக்கப்பறம் வாய மூடிக்கணும். இந்த மூடிக்கறதுதான் கஷ்டம், கிளாஸ்ல ஸ்டாப்வாட்ச் வெச்சு 10 செகண்ட் சும்மா நிக்க வைங்க, அது எவ்ளோ நீளமா இருக்குன்னு அவங்களுக்கே புரியும். கோவத்துல இருக்கறவங்க மண்டைக்குள்ள வார்த்தை மெதுவாதான் போகும், அதனால சின்ன சின்ன வாக்கியம், அதே வார்த்தைய திரும்ப சொல்றது தப்பில்ல.

நீ-நீங்க விஷயம். நம்ம பாஷைல இதுக்கு இருக்கற பவர் ட்ரெயினிங் ஸ்லைடுங்கள்ல வராது. வார்டுல பாதி சண்ட "ஏய், உக்காரு"ல ஆரம்பிக்குது. 20 வயசு பையனா இருந்தாலும் "தம்பி, உக்காருங்க"தான். வயசானவர "ஐயா", "அப்பா", அந்தந்த ஊருக்கு எது பழக்கமோ அது. ஆனா பல்ல கடிச்சுகிட்டு "வாங்க சார், போங்க சார்"னு சொன்னா அதுவும் அவருக்கு தெரிஞ்சிரும், குரல்தான் மரியாதை.

இந்த வார்த்தைங்கள போர்டுல எழுதி, இத வார்டுல சொல்லவே கூடாதுன்னு சொல்லுங்க: "டென்ஷன் ஆகாதீங்க", "சொன்னா புரியாதா", "எத்தன தடவ சொல்றது", "கட்டிப் போட்டுருவேன்", "ஊசி போட்டுருவேன்". கடைசி ரெண்டும் ரொம்ப மோசம். ஊசிய மிரட்டலா காட்டின அன்னிக்கே அது மருந்து இல்ல தண்டனைன்னு ஆயிடுது, நாளைக்கு அவர் நல்லா இருக்கறப்போ மாசாந்திர ஊசிக்கு வர சொன்னாலும் வர மாட்டாரு.

அவர் சொல்றதுல ஒத்துக்கற மாதிரி ஏதாவது ஒண்ணு எப்பவும் இருக்கும், அத தேடி ஒத்துக்க கத்துக்குடுங்க. அமெரிக்கால எமர்ஜென்சி சைக்கியாட்ரிக்காரங்க 2012ல ப்ராஜெக்ட் பீட்டான்னு ஒரு வழிமுறை வெளியிட்டாங்க, அதுல இத மூணு விதமா பிரிச்சு சொல்லிருப்பாங்க. நடந்தது நிஜம்னா அத ஒத்துக்கலாம்: "ஆமா, நாலு பேர்கிட்ட கேட்டிருக்கீங்க, யாரும் பதில் சொல்லல." நியாயம்னா அத ஒத்துக்கலாம்: "கேட்டா பதில் சொல்லணும், அது சரிதான்." எதுவும் இல்லன்னா: "என்னைய இப்படி காக்க வெச்சா எனக்கும் கோவம் வரும்." சத்தம் கேக்குது, யாரோ விஷம் வெக்கறாங்கன்னு சொல்றவர்கிட்ட இல்லன்னு வாதம் பண்ணவும் வேணாம், ஆமான்னு தலையாட்டவும் வேணாம், "எனக்கு அந்த குரல் கேக்கல, ஆனா உங்களுக்கு கேக்குதுன்னு புரியுது, அது எவ்ளோ பயமா இருக்கும்"னு சொல்லலாம், அது பொய் இல்ல.

லிமிட் வைக்கறப்போ என்ன பண்ணலாம்னு சேத்து சொல்லணும். "கத்துங்க அண்ணே, பரவால்ல. சேர மட்டும் கீழ வைங்க. நான் இங்கயேதான் நிக்கறேன்." அப்பறம் நிஜமாவே குடுக்க முடியற ரெண்டு வழி: "உள்ள உக்காந்து பேசலாமா, வராண்டால நடந்துகிட்டே பேசலாமா?" டீ, தண்ணி, ஒரு பிஸ்கட், இதெல்லாம் சின்ன விஷயமா தெரியும், ஆனா கையில டம்ளர வாங்கினவர் ஓங்கின கைய இறக்கிடறாரு (ப்ளாஸ்டிக் டம்ளர், சூடு ஆறின டீ, அத மறக்காதீங்க).

இப்ப "முடியாது" பயிற்சி. ஜோடி ஜோடியா நிக்க வைங்க, ஒருத்தர் பேஷண்ட், ஒருத்தர் நர்ஸ். பேஷண்ட் ஃபோன் கேப்பாரு, பீடி கேப்பாரு, வீட்டுக்கு அனுப்ப சொல்லுவாரு, நர்ஸ் மறுக்கணும், ஆனா மறுக்கறதுல மூணு விஷயம் இருந்தே ஆகணும்: ஏன் முடியாது, எப்ப முடியும், இப்போதைக்கு என்ன பண்ண முடியும்.

"சிஸ்டர், ஃபோன் குடுங்க."
"ஃபோன் சூப்பர்வைசர் ரூம்ல பூட்டிருக்குண்ணே, சாவி காலைலதான் வரும். 8 மணிக்கு முதல் கால் உங்களுது, இந்தா, நோட்ல உங்க பேர எழுதறேன் பாருங்க. வீட்ல என்ன சொல்லணும்னு நினைச்சீங்க, சொல்லுங்க, அதயும் எழுதி வெச்சுக்கறேன்."

எழுதறது அவர் கண்ணு முன்னாடி நடக்கணும். 8 மணிக்கு நிஜமாவே முதல் கால் அவருக்கு போகணும், அது ஹேண்டோவர்ல வரணும், இல்லன்னா நாளைக்கு இந்த வித்தை பலிக்காது, இன்னொருத்தருக்கும் பலிக்காது. எப்ப முடியும்னு நமக்கே தெரியலன்னா பொய்யா ஒரு நேரம் சொல்லாதீங்க, "டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும் நானே கேட்டு உங்ககிட்ட வந்து சொல்றேன்"னு சொல்லுங்க, போய் சொல்லுங்க, பதில் இல்லங்கறதா இருந்தாலும் போய் சொல்லுங்க. பேஷண்டா நிக்கற நர்ஸ, அந்த பக்கம் நின்னு "அப்பறம்"ங்கற பதில நாலு தடவ கேக்க வைங்க, நாலாவது தடவ அவ மூஞ்சிய பாத்தாலே கிளாஸ்ல எல்லாருக்கும் புரிஞ்சிரும்.

இதெல்லாம் நல்ல எண்ணத்துல சொல்ற பேச்சு மட்டும் இல்ல. இங்கிலாந்துல லென் பவர்ஸ்னு ஒரு நர்ஸிங் பேராசிரியர் சேஃப்வார்ட்ஸ்னு ஒரு முறைய உண்டாக்கி 15 ஆஸ்பத்திரில 31 வார்டுல சோதிச்சு பாத்தாங்க, 2015ல முடிவு வந்துச்சு. மென்மையா சொல்ற வார்த்தை, கெட்ட சேதிய முன்னாடியே தெரிஞ்சுகிட்டு பக்குவமா சொல்றது, ஹேண்டோவர்ல நல்லதா ஒண்ணு சொல்றது, இப்படி 10 சின்ன சின்ன விஷயம்தான். தகராறுங்க 15 சதவீதம் குறைஞ்சுது, கட்டறது ஊசி போடறது மாதிரி அடக்கற வேலைங்க 26 சதவீதம் குறைஞ்சுது.

கூட இருக்கற வீட்டாளுங்க பத்தி ஒரு வார்த்தை. நம்ம வார்டுங்கள்ல பேஷண்ட விட அண்ணன் தம்பி மாமாதான் பல நேரம் கை ஓங்கறது, சில பேர் குடிச்சுட்டு வருவாங்க. அவங்க பயமும் களைப்பும் நிஜம், அதே முறைல பேசலாம், ஆனா அங்க நோய்னு ஒரு காரணம் இல்ல. தமிழ்நாட்டுல மருத்துவமனை ஊழியர்களை தாக்கறதுக்கு எதிரா 2008லயே தனி சட்டம் இருக்கு, அது டாக்டருக்கு மட்டும் இல்ல, நர்ஸுக்கும் சேத்துதான், அத கிளாஸ்ல சொல்லுங்க, முக்கால்வாசி பேருக்கு தெரியறதில்ல.

நாலாவது நாள்: பேச்சு எடுபடாதப்போ

இங்க முதல்ல சட்டம். 2017 மனநல பராமரிப்பு சட்டம், 97ஆவது பிரிவு. தனியா அடைச்சு வைக்கறது கூடவே கூடாது. கட்டறது, புடிச்சு அடக்கறது எல்லாம் உடனடி ஆபத்த தடுக்க வேற வழியே இல்லங்கறப்போ மட்டும், பொறுப்புல இருக்கற சைக்கியாட்ரிஸ்ட் அனுமதியோட, தேவைக்கு மேல ஒரு நிமிஷம் கூட இல்லாம. எப்படி, ஏன், எவ்ளோ நேரம்னு உடனே கேஸ் ஷீட்ல எழுதணும், அவரோட நியமன பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பா முடிவெடுக்க உதவ நியமிச்ச ஆளுக்கு, 24 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். தண்டனையா பண்ணக்கூடாது. ஆள் பத்தலங்கறதுக்காகவும் பண்ணக்கூடாதுன்னு அதுலயே எழுதிருக்கு, இந்த வரிய ரெண்டு தடவ சத்தமா படிக்க வைங்க. சங்கிலி போடறது 95ஆவது பிரிவுல முழுசா தடை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடில ஒரு மனநல காப்பகத்துல தீ புடிச்சப்போ சங்கிலில கட்டியிருந்ததால ஓட முடியாம 28 பேர் செத்தாங்க. அது நம்ம மண்ணுல நடந்தது, இந்த வேலைல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

புடிக்கறதா இருந்தா அஞ்சு பேர், கை கால் நாலுக்கு நாலு பேர், தலைப்பக்கம் ஒருத்தர். தலைப்பக்கம் நிக்கறவங்கதான் லீடர், அவங்க மட்டும்தான் பேசணும், மூச்சையும் உதட்டு நிறத்தையும் பாத்துகிட்டே இருக்கணும். குப்புற போட்டு அமுக்கவே கூடாது. முதுகுல உக்காரறது, நெஞ்சுல முட்டிய வைக்கறது, கழுத்த புடிக்கறது, வாய துணியால பொத்தறது, இதுல எதுவா இருந்தாலும் மூச்சு முட்டி சாவு வரும், "மூச்சு விட முடியல"ன்னு அவர் சொன்னா நடிக்கறாருன்னு நினைக்காம அந்த நொடியே விடணும். இங்கிலாந்துல சிகிச்சை வழிமுறை வகுக்கற நைஸ் அமைப்போட வழிகாட்டுதல்ல கையால புடிக்கறது வழக்கமா 10 நிமிஷத்த தாண்டக்கூடாதுன்னு இருக்கு. கட்டினா துணிக்கும் தோலுக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும், 15 நிமிஷத்துக்கு ஒரு தடவ விரல் நிறம், சூடு, மூச்சு, தண்ணி வேணுமா, யூரின் வருதான்னு பாக்கணும், ஒரு ஆள் பக்கத்துலயே இருக்கணும். "எப்ப அவிழ்ப்பீங்க"ன்னு கேப்பாரு, என்ன ஆனா அவிழ்ப்போம்னு பதில் சொல்லணும்.

விடுவிச்சுக்கற டெக்னிக் எல்லாம் கையால காட்டி குடுக்க தெரிஞ்சவங்கள கூப்பிட்டு பழகணும், வீடியோ பாத்து வேணாம். ரெண்டு மட்டும் எல்லாருக்கும் தெரியணும்: முடிய புடிச்சா இழுக்காம அவர் கைய நம்ம ரெண்டு கையால தலையோட சேத்து அமுக்கி சத்தம் போட்டு ஆள கூப்பிடறது, கடிச்சா கைய வெளிய இழுக்காம உள்பக்கமா தள்ளறது, இழுத்தா சதைதான் பிய்யும்.

ஊசி டாக்டர் ஆர்டர்லதான். ஆனா எது ஏன்னு நர்ஸுக்கும் தெரியணும். இதுல நம்ம வேலூர் சி.எம்.சி.ல பண்ண ஆராய்ச்சி உலக அளவுல பேசப்படுது, 2004ல வந்தது, 200 பேர்ல லொராஸிபாம்ங்கற அமைதிப்படுத்தற மருந்து ஒரு பக்கம், ஹாலோபெரிடாலும் ப்ரோமெத்தசினும் சேத்து இன்னொரு பக்கம் குடுத்து பாத்தாங்க, ரெண்டும் வேலை செஞ்சுது, சேத்து குடுத்தது சீக்கிரமா அமைதியாக்கி தூங்க வெச்சுது. ஹாலோபெரிடால மட்டும் தனியா போட்டா கழுத்து திருகிக்கறது, கண்ணு மேல சொருகறது வரலாம், அது வந்தா பேய் புடிச்ச மாதிரி இருக்கும், பேஷண்ட் அரண்டு போயிடுவாரு, உடனே டாக்டருக்கு சொன்னா மாத்து ஊசில சரியாயிடும். ஓலான்சபின்ங்கற மனநோய் மருந்து ஊசியும் லொராஸிபாம் ஊசியும் ஒரே நேரத்துல வேணாம், மூச்சு அமுங்கும். லொராஸிபாம் ஆம்பூல் ஃபிரிட்ஜ்லதான் இருக்கும், நைட் டியூட்டி எடுத்த உடனே ஃபிரிட்ஜ் சாவி யார்கிட்டன்னு கேட்டுக்கணும், நடு ராத்திரில அத தேடிகிட்டு ஓடின கதை எல்லா வார்டுலயும் இருக்கு. ஊசி போட்ட பிறகு தூங்கிட்டாருன்னு நிம்மதியா போயிடக்கூடாது, அப்பதான் மூச்ச எண்ணணும், ஒரு முழு நிமிஷம் வாட்ச்ச பாத்து, கூடவே நாடி, பி.பி., விரல்ல மாட்டி ஆக்சிஜன்.

அடிபட்ட பிறகு

அடி வாங்கினவங்கள முதல்ல அந்த இடத்துல இருந்து கூட்டிட்டு போங்க, காயத்த பாருங்க, தண்ணி குடுங்க, வீட்டுக்கு யார் கூட்டிட்டு போவாங்கன்னு கேளுங்க. "நீ என்ன சொன்ன"ங்கற கேள்விய அன்னிக்கு யாரும் கேக்கக்கூடாது, இத ட்ரெயினிங்லயே, மேல இருக்கறவங்க முன்னாடியே சொல்லுங்க. கடிச்சு தோல் கிழிஞ்சிருந்தா கழுவிட்டு ரத்த டெஸ்ட் வரைக்கும் போகணும், அவளா கேக்கட்டும்னு விடாதீங்க. அந்த ஷிஃப்ட் முடியறதுக்குள்ள டீம் மொத்தமும் 15 நிமிஷம் உக்காந்து எப்ப ஆரம்பிச்சுது, எந்த இடத்துல வேற மாதிரி பண்ணிருக்கலாம்னு பேசணும், யாரையும் குத்தம் சொல்லாம. தூக்கம் வரல, வார்டுக்கு போகணும்னாலே நெஞ்சு படபடங்குதுன்னா அரசோட மனநல உதவி ஃபோன் டெலி மானஸ் 14416 நம்பர் நமக்கும்தான், 24 மணி நேரமும் இருக்கு.

பேஷண்ட் தெளிஞ்ச பிறகு அவர்கிட்டயும் ஒருத்தர் உக்காந்து பேசணும், அவர் பக்கம் என்ன நடந்துச்சு, அடுத்த தடவ கோவம் வர்றப்போ நாங்க என்ன பண்ணா உதவியா இருக்கும்னு. அவர் சொல்றத கேஸ் ஷீட்ல எழுதுங்க. பக்கத்து பெட்ல படுத்திருந்து எல்லாத்தையும் பாத்தவங்களையும் மறந்துடாதீங்க, அவங்கதான் அன்னிக்கு ராத்திரி தூங்காம கிடப்பாங்க.

ட்ரெயினிங் வேலை செய்யுதான்னு தெரிய மாசா மாசம் மூணு நம்பர் எண்ணுங்க: எத்தன சம்பவம், எத்தன தடவ கட்டினோம், எத்தன எமர்ஜென்சி ஊசி. முதல் மாசம் ரெண்டு மாசம் சம்பவம் ஏறின மாதிரி தெரியும், பயப்படாதீங்க, இது வரைக்கும் சொல்லாம விட்டதெல்லாம் இப்பதான் சொல்றாங்கன்னு அர்த்தம்.

எங்க வார்டுல கடைசியா மாறினது ஒரு 40 பக்க நோட்டு. ஃபோன் நோட்டு. யார் கேட்டாங்க, எத்தன மணிக்கு, யார் என்ன பதில் சொன்னாங்க, பேசியாச்சா. அடி வாங்கின அந்த பொண்ணுதான் கோடு போட்டு ஆரம்பிச்சா.

ட்ரெயினிங்கால சரி பண்ண முடியாததும் இருக்கு. 40 பெட்டுக்கு நைட்ல ரெண்டு நர்ஸ், எரியாத வராண்டா லைட்டு, அழுத்தினா அடிக்காத பெல்லு, ஒரே கதவு இருக்கற நர்ஸிங் ஸ்டேஷன். நாலு நாள் கிளாஸ்ல இதெல்லாம் தானா வெளிய வரும், அப்பப்போ குறிச்சு வெச்சு, எந்த பெட் பக்கத்துல எந்த லைட்டுன்னு விவரமா எழுதி, தேதி போட்டு, கலந்துகிட்ட எல்லார் கையெழுத்தோட ஆபீஸ்ல குடுத்து, வாங்கினதுக்கு சீல் போட்ட காப்பி ஒண்ணு வார்டுல வெச்சுக்கோங்க.